நாமக்கல் சீட்டும் உன் காதுகுத்துப் படமும்

கதிர்,

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்து. உன் கல்யாணத்துக்கு முப்பத்தெட்டு நாள் இருக்கிறது. தேன்மொழி நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் போய்ச் சேர மூன்று நாள்தான் இருக்கிறது. முதல் கணக்கைப் பற்றி வீட்டில் எல்லாரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி நான் மட்டும்தான் பேசவேண்டும் போலிருக்கிறது. ஃபோனில் பேசினால் நான் கத்துவேன், நீ "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடுவேன். உன் அத்தை படிக்கட்டும், பெரியப்பா படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

நேற்று சாயங்காலம் உன் வருங்கால மாமனார் வேங்கிக்காலில் ஆபீஸ் முடிந்து நேராக என் கடைக்கு வந்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு மேல படிக்கறதுல மாப்பிள்ளைக்கு இஷ்டம் இல்லபோல. நாங்க விட்டுடறோம். கல்யாணம் நல்லபடியா நடந்தா போதும்."

"இஷ்டம் இல்லன்னு யாரு சொன்னது?"

"மாப்பிள்ளையேதான் தேனுகிட்ட சொல்லியிருக்காரு. ரெண்டு வருஷம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்குதுங்க. 'எங்கம்மா என் காதுகுத்து போட்டோலகூட இல்ல. எனக்குப் பொறக்கற குழந்தைக்கு அந்தக் கதி வரக் கூடாது'ன்னாராம்."

"அதுக்குத் தேன்மொழி என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. எடுத்து வெச்ச சர்டிபிகேட்டையெல்லாம் திரும்ப பீரோவுல வெச்சுட்டா."

அவர் போன பிறகு எரிந்துபோன ஒரு மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்ற உட்கார்ந்தேன். சுற்று எண்ணிக்கை தப்பிப் போய் இரண்டு தடவை பிரித்தேன். முப்பது வருஷமாக இந்த வேலை செய்கிறவன் நான், அப்படித் தப்பியதே இல்லை.

அந்தப் பெண் கால்நடை டாக்டர். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அறுவை சிகிச்சை செய்யும் மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரு தடவை விட்டால் அது அலமாரியில் உட்கார்ந்து காத்திருக்காது. இது உனக்குத் தெரியாததில்லை. உன் அம்மாவை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்து உத்தரவு வந்த அன்று பெங்களூரில் உன் ஆபீஸ் முழுக்க நீ இனிப்பு கொடுத்தாயாம். அம்மா படித்தால் ஸ்வீட், பொண்டாட்டி படித்தால் வேண்டாமா? என்ன லாஜிக் இது? சாஃப்ட்வேர் எழுதுகிறவன்தானே நீ, உனக்கே இடிக்கவில்லையா?

சரி, திட்டுவதற்கு மட்டும் இதை எழுதவில்லை. அந்தப் போட்டோவைப் பற்றி நீ அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறாய். மீதியைச் சொல்கிறேன்.

உனக்கு எட்டு மாசம் ஆனபோது உன் அம்மாவுக்குச் சென்னையில் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. விண்ணப்பம் போடுகிறேன் என்று கேட்டபோது நான் சரி என்றேன். நான் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துக்கொள்ளாதே. எப்படியும் கிடைக்காது என்று நினைத்துத்தான் சரி சொன்னேன். கிடைத்துவிட்டது. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க வழி தெரியவில்லை. எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு, டிப்ளமோ எலக்ட்ரிகல், தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. எங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள பக்கத்து வீட்டில் உன் அத்தை இருந்தாள். காலையில் உன்னைக் குளிப்பாட்டிக் கொடுப்பாள், கூடவே நாலு வார்த்தை எனக்கும் கொடுப்பாள். அதற்குப் பிறகு நீ என்னோடு கடைக்கு வந்துவிடுவாய். மோட்டார் வருகிற மரப்பெட்டியில் போர்வையை மடித்துப் போட்டு உன்னை உட்கார வைப்பேன். உனக்குப் பல் முளைத்தது, நடை வந்தது, பேச்சு வந்தது எல்லாம் வார்னிஷ் வாசனைக்கு நடுவில்தான்.

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற விவசாயிகளுக்கு அது வேடிக்கை. "என்னப்பா, பொண்டாட்டி படிக்குது, நீ புள்ள வளக்கறியா?" என்பார்கள். "ஆமாம், அதனாலதான் உன் மோட்டார் லேட்டாகுது, நாளைக்கு வா" என்பேன். அதோடு வாய் அடங்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பஸ் ஏறுவாள், திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்பிப் போவாள். நடுவில் இருக்கிற இரண்டு நாளில் பாதியைப் புத்தகம் எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வந்து உன்னை மடியில் போட்டுக்கொண்டு குறுக்கு விசாரணை பழகுவாள். சாட்சி நான்தான். எனக்கு வேறு வேலை இல்லை பார்!

"சாட்சி, இந்த மோட்டார் எரிஞ்சதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எரியும்போது பார்த்தீங்களா, எரிஞ்ச பிறகு பார்த்தீங்களா?"

"எரிஞ்ச பிறகுதான். கடைக்கு எரிஞ்சப்புறம்தானே தூக்கிட்டு வராங்க?"

"அப்போ எதனால எரிஞ்சதுன்னு உங்களுக்கு நேரடியா தெரியாது."

"ஏம்மா, மூடியைக் கழட்டினா வாசனையே சொல்லுமே, வோல்டேஜ் கம்மியாகி எரிஞ்சிருக்குதுன்னு!"

"வாசனையைக் கூண்டுல ஏத்த முடியாதுங்க."

மோட்டாருக்குச் சொந்தக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "அம்மா, அதெல்லாம் இருக்கட்டும். இந்த ஆள் நாளைக்கு மோட்டாரைத் தருவாரா மாட்டாரா, அதைக் கேளுமா முதல்ல" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் மடியில் தூங்கிக்கொண்டிருந்த நீ எழுந்துவிட்டாய்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே போயிற்று என்று சொன்னால் அது பொய். வெள்ளிக்கிழமை வந்தாலும் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நீ அவளிடம் ஒட்ட மாட்டாய். ஒருநாள் வாசலில் அவளைப் பார்த்துவிட்டு "ஆன்ட்டி வந்திருக்காங்க" என்று என்னைக் கூப்பிட்டாய். அவள் சிரித்தாள். பிறகு பின்பக்கம் போய் வெகுநேரம் துணி துவைத்தாள். அங்கே துவைக்கிற துணி ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை அவள் கிளம்பும் சத்தம் கேட்டு நீ விழித்துவிட்டால் தீர்ந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுவாய். உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் உன்னைத் தூக்குவேன். அந்த அழுகை உனக்குள் எங்கேயோ இருக்கிறது என்றால், இருக்கட்டும், அது நிஜம். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இப்போது காதுகுத்து. உன் பெரியப்பாதான் எனக்கு அப்பா ஸ்தானம். ஓசூரில் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, வாரத்தில் புதன்கிழமைதான் லீவு. தினசரிக் காலண்டரில் புதன்கிழமையில் வருகிற முகூர்த்த நாளாகப் பார்த்து, யாரையும் கேட்காமல் பத்திரிகை அடித்து மூட்டையாகக் கொண்டுவந்துவிட்டார். பிரித்துப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை மேலேயே வீடு வைத்துக்கொண்டு எவனாவது பௌர்ணமியில் விசேஷம் வைப்பானா? நம் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

"ணா, அன்னிக்குப் பௌர்ணமி."

"நல்ல நாள்தானேடா?"

"ஊருக்குள்ள பஸ் விட மாட்டாங்க ணா."

"நடந்து வரட்டும். சொந்தக்காரங்களுக்கும் மலை சுத்தின புண்ணியம்."

அடுத்த வாரமே சென்னையிலிருந்து உன் அம்மா ஃபோன் செய்தாள். கடைசி வருஷத் தேர்வு அட்டவணை வந்துவிட்டது. அதே புதன்கிழமை மத்தியானம் சிவில் நடைமுறைச் சட்டம். பத்திரிகை எல்லா ஊருக்கும் போய்விட்டது. பெரியப்பாவிடம் தேதியை மாற்றச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை, அவளுக்கும் இல்லை. "விடுங்க, அந்த ஒரு பேப்பரை அரியரா எழுதிக்கறேன், ஆறு மாசம்தானே" என்று சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமையே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். உன் அத்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இப்பதான்மா நீ பொம்பள" என்றாள்.

புதன்கிழமை விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து போய்ப் பார்த்தேன். பின்பக்கம் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மாவும் உரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. தனியாகக் கூப்பிட்டேன்.

"என்ன முணுமுணுக்கற?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பாட்டா?"

"ஆர்டர் முப்பத்தொன்பது."

"அப்படின்னா?"

"தற்காலிகத் தடை உத்தரவுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. "எழுந்திரு, வண்டியை எடுக்கறேன்" என்றேன். "உங்களுக்கென்ன பைத்தியமா? பெரிய மாமா என்ன சொல்லுவாரு?" என்றாள். "அவர் சொல்றதை நான் வாங்கிக்கறேன். இன்னும் ஆறு மாசம் இந்த வேலையை என்னால பார்க்க முடியாது. இவன் நான் கட்டி வெச்ச காயிலையெல்லாம் பிரிச்சுப் போடறான். போய் எழுது. ஒரேயடியா முடிச்சுட்டு வந்து சேரு." இதுதான் நான் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை. பெண் கல்வி, சமத்துவம் எதுவும் என் மண்டையில் இல்லை. களைப்பு இருந்தது. இரண்டரை வருஷம் அவள் பட்ட பாடு ஒரு வெங்காயக் கூடைக்கு முன்னால் வீணாகிறதே என்ற எரிச்சல் இருந்தது. அவள் தூங்குகிற உன்னைப் பார்த்தாள். "ஒருதடவை தூக்கிட்டுப் போறேனே" என்றாள். "தூக்கினா நீ போக மாட்டே" என்றேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் ஆர்டர் முப்பத்தொன்பதும் அழுகையும் மாறி மாறிக் கேட்டது.

திரும்பி வந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னேன், நான்தான் அவளைச் சென்னை பஸ் ஏற்றிவிட்டேன் என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் உன் அத்தை எந்த விசேஷத்திலும் "பெத்த பிள்ளை காதுகுத்துக்கு வராத மகராசி" என்று சொல்லாமல் விட்டதில்லை. "பொண்டாட்டியை பஸ் ஏத்திவிட்ட தம்பி" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. புருஷன் அனுப்பினான் என்பது கதையாகாது. பெண்டாட்டி போனாள் என்பதுதான் கதையாகும். நீ கேட்டு வளர்ந்தது அந்தக் கதையைத்தான்.

அன்றைய விசேஷம் எப்படி நடந்தது என்றும் தெரிந்துகொள். திதி காலையிலேயே பிறந்துவிட்டது, பாதை முழுக்க ஜனம். உன்னை மடியில் வைக்கவேண்டிய தாய்மாமன் ஊருக்கு வெளியே இறக்கிவிடப்பட்டு, சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்து, பாதி மலையைச் சுற்றி வந்து சேர்ந்தார். பந்தலையும் அண்டாவையும் பார்த்த பக்தர்கள் அன்னதானம் என்று நினைத்து உள்ளே வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பெரியப்பா விரட்டவும் முடியாமல் வாயைத் திறக்கவும் முடியாமல் கரண்டியோடு நின்றார். ஒரு பெரியவர் சாப்பிட்டு எழுந்து அவர் நெற்றியில் விபூதி பூசி, "வருஷா வருஷம் தவறாம போடுங்க சாமி" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தபோது உப்புமாதான் மிச்சம்.

காது குத்தும்போது நீ தலையை ஒரு ஆட்டு ஆட்டினாய். வலது பக்கம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. உன் அம்மா மறுநாள் காலைதான் வந்தாள். அப்போதும் கூட்டம் கலையவில்லை. வெளி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மலை சுற்றுகிறவர்களுக்கு எதிர்த் திசையில் நடந்தே வந்திருக்கிறாள். "மலையை எதிர்ச் சுத்து சுத்தறியே, பாவம்டி" என்று யாரோ ஒரு அம்மா திட்டினாளாம். "வீட்டுக்குப் போறேன்மா" என்றாளாம் இவள். வந்ததும் பையைக்கூட இறக்காமல் மண்டியிட்டு உன் காதைப் பார்த்தாள். நீ என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய்.

"ஏறுமாறா இருக்குதே. யாரு குத்தினது?"

"ஆசாரிதான். இவன் ஆட்டிட்டான்."

"தலையை யாரு பிடிச்சிருந்தது?"

"நான்தான்."

"அப்போ ஆசாரி மேல தப்பில்ல."

பெரியப்பாவே சிரித்துவிட்டார். அவள் கை கழுவிவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்த நீ, மெதுவாகப் போய் அவள் தட்டில் கையை விட்டாய்.

அந்தப் பேப்பரில் தேறினாள், அந்த வருஷமே கறுப்பு கோட் போட்டாள். மீதி உனக்குத் தெரியும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்தப் போட்டோவை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பாய்? அம்மா இல்லை என்று மட்டும் பார்த்தாய். மாமா மடியில் நீ வாயைப் பிளந்து அழுகிறாய். பின்னால் சட்டையெல்லாம் வியர்த்துப் போய், உன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிறானே, அவனைப் பார்க்கவே இல்லையா? மூன்று வருஷம் உனக்குச் சோறு ஊட்டியவன், ஜுரத்துக்கு மருந்து கொடுத்தவன், நீ பிரித்த காயிலைத் திரும்பக் கட்டியவன் அவன்தான். உன் கணக்கில் வீட்டில் அம்மா இல்லை என்றால் யாருமே இல்லை. எனக்கு அதுதான் வலித்தது, உண்மையைச் சொல்கிறேன். நன்றி வேண்டும் என்று கேட்கவில்லை. எண்ணும்போது என்னையும் சேர்த்து எண்ணு.

உனக்குப் பிறக்கிற குழந்தை தனியாக அழக் கூடாது என்று நினைக்கிறாய். நல்ல எண்ணம். அதற்குத் தேன்மொழியின் படிப்பை ஏன் நிறுத்தவேண்டும்? நீ வீட்டில் இரு. அந்தக் குழந்தை இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் அவள் சர்டிபிகேட் பீரோவுக்குள் போய்விட்டது. உனக்கு லேப்டாப்பில் வேலை, எங்கே உட்கார்ந்தாலும் நடக்கும். மாட்டுக்கு ஆபரேஷனை லேப்டாப்பில் செய்ய முடியாது. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. கல்யாணத்துக்கு முன்பே உன்னிடம் பேசி என்ன பிரயோஜனம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டதோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வீட்டில் அப்படி ஒரு எண்ணம் வந்துவிட்டால் அதைச் சரிசெய்யவே முடியாது, கதிர். உன் அம்மாவும் நானும் சண்டை போட்டிருக்கிறோம், வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறோம். ஆனால் என்னிடம் சொல்லி லாபமில்லை என்று அவள் ஒருநாளும் வாயை மூடிக்கொண்டதில்லை. எங்கள் கல்யாணத்தில் நல்லது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

நீ கெட்டவன் இல்லை. போன வருஷம் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது லீவு போட்டு வந்து, என்னைக் குளிப்பாட்டிவிட்டவன் நீ. அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவன் எங்கே போனான் என்றுதான் கேட்கிறேன்.

இனி நான் செய்யப்போவது:

1. கடையைத் திறந்ததும் சம்பந்திக்கு ஃபோன் செய்வேன். தேன்மொழி படிப்பதற்கு மாப்பிள்ளை வீட்டுச் சம்மதம் என்று ஒன்று தேவையே இல்லை, பீரோவைத் திறங்கள் என்று சொல்வேன்.

2. வெள்ளிக்கிழமை காலை அவளையும் அவரையும் காரில் நாமக்கல்லுக்கு அழைத்துக்கொண்டு போவேன். பத்து மணி வாக்கில் சேலம் தாண்டுவோம். நீ பெங்களூரிலிருந்து வந்து அங்கே ஏறிக்கொள்ளலாம். வந்தால் அவளிடம் நீதான் முதலில் பேசவேண்டும், நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.

3. இந்த வாரம் உன் அம்மாவிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். பதவியேற்பு வேலையில் இருக்கிறாள், வாட்ஸ்அப்பைத் திறக்க அவளுக்கு நேரம் இல்லை. திறப்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு.

4. நீ சேலத்துக்கு வரவில்லை என்றாலும் அட்மிஷன் நடக்கும். திரும்பி வரும்போது தேன்மொழியிடம் நேராகக் கேட்பேன்: "இவன் உனக்கு வேணுமாம்மா?" அவள் வேண்டாம் என்றால் மண்டபத்துக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். உன் பெரியப்பாவையும் நானே சமாளித்துக்கொள்வேன்.

5. வேண்டும் என்றால், கல்யாணம் முடிந்து அவள் ஹாஸ்டலுக்குப் போனதும் இரண்டு வாரம் பெங்களூர் வந்து உன்னோடு இருப்பேன். வீட்டில் ஆள் இல்லாத சாயங்காலத்தை எப்படிக் கழிப்பது என்று காட்டித் தருகிறேன். சாம்பார் சொல்லித் தருவேன். ரசம் மட்டும் எனக்கு இன்னும் சரியாக வராது, அதை நீ பழகி எனக்குச் சொல்லிக் கொடு.

அப்பா